லோரியா, பூகம்பமா?

2004ஆம் வருஷம் டிசம்பர் 26ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. பினாங்கில், உயர்ந்த மாடி வீடொன்றில் காலைத் தேநீரும் கையுமாக அமர்ந்திருந்தேன். ஒன்பது மணி சுமாருக்குக் கோப்பைத் தேநீர் தானே தளும்பிற்று. “கீழே லோரி போகிறது” என்றேன். “ஆதிசேடன் தலை மாற்றுகிறானடா” என்றார் பாட்டியார். நான் நகைத்தேன்.

பிற்பகலில் கடல் ஏறி வந்தது. மலேசியாவில் மாண்டோர் 68 பேர். அவருட் பெரும்பாலோர் எங்கள் பினாங்கினர். பாட்டியார் சொன்னது வெறும் கதை. ஆயினும், அசைந்தது பூமி என்று கண்டவர் அவர். படித்த யானோ லோரி என்றேன். அந்த வெட்கத்தால் இதை எழுதுகிறேன்.

நிற்க. எனக்கு நேர்ந்த மயக்கம் விஞ்ஞானிகளுக்கும் பழந்தொல்லையே எனப் பின்னர் படித்தறிந்தேன். தரை ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. காற்றில் ஆடும் மரம் வேரால் அதை அசைக்கும். வண்டிகளும் ஆலைகளும் அதிர்விக்கும். எதிரெதிராக வரும் கடலலைகள் சந்திக்குமிடத்தில் கடலின் அடித்தரை அழுந்தி, அந்நடுக்கம் கண்டங்களின் உட்புறம் வரை பரவும். இத்தனை இரைச்சலுக்கிடையே தொலைதூரப் பூகம்பத்தின் மெல்லிய அதிர்வை ஒற்றைக் கருவி பிரித்தறிவது அரிது.

ஆதலின் பல கருவிகளைப் பரந்த நிலத்தில் ஊன்றிவைக்கின்றனர். பூகம்ப அலை ஒரு திசையிலிருந்து வருவதால், கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடும். அந்தத் தாமதத்தைக் கழித்துப் பதிவுகளை எல்லாம் கூட்டினால் அலை ஓங்கும். இடத்துக்கிடம் வேறுபட்ட இரைச்சலோ தன்னைத்தானே அடித்துக்கொண்டு தணியும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரைச்சலாயின், நூறு கருவிகளின் சராசரியில் அது பத்திலொரு பங்காகும். அலை வந்த திசையையும் அத்தாமதமே காட்டிக்கொடுக்கும்.

1995ஆம் வருஷத்துக் கோபே பூகம்பத்துக்குப்பின் ஜப்பானியர் ‘ஹை-நெட்’ என்னும் கருவித் தொகுதியை நாடெங்கும் அமைத்தனர். ஏறக்குறைய 700 கருவிகள். மேற்பரப்பின் சந்தடி எட்டாதிருக்க, 100 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமுள்ள துளைகளில் இறக்கப்பட்டவை. சுமத்ராப் பூகம்பத்தின் அலைகள் சுமார் பத்து நிமிஷத்தில் அவற்றை அடைந்தன. அப்பதிவுகளை 2005ஆம் வருஷத்தில் ஆராய்ந்தவர்கள், பிளவு வடக்கே அந்தமான் நோக்கிச் சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடியதென்றும், அதற்கு எட்டு நிமிஷம் பிடித்ததென்றும் கண்டனர்.

எட்டு நிமிஷம்! அதற்குள் நான் தேநீரை முடித்துக் கோப்பையையும் கழுவி வைத்துவிட்டேன்.

அன்று இந்துமகா சமுத்திரத்துக்கென எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் இல்லை. தேநீர் தளும்பியதற்கும் கடல் வந்ததற்கும் இடையே மூன்று மணி நேரத்துக்கு மேலிருந்தது. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அன்பர் அந்நேரமெல்லாம் கரையில் அமர்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார்.