நாணில் முடிந்த நாலரை அங்குலக் கயிறு

மிசூரி மாநிலத்து ஹோலெஸ் வில்பர் ஆலன், கப்பி பொருத்திய காம்பவுண்ட் வில்லுக்கு 1966இல் காப்புரிமை கேட்டார், 1969இல் கிடைத்தது. இன்று அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அந்த வில்லுக்கு ஆயிரம் டாலருக்கு மேலும் செலவழிக்கிறார்கள். ஆனால் இழுவிசை முழுவதும் நாணில் முடிந்த ஒரு ‘டி’ வடிவக் கயிற்றுத் துண்டின் மேல்தான். அதன் விலை? சில்லறைக் காசு.

வில்லாளி கையில் பிடித்து இழுத்து விடும் ரிலீஸ் கருவியின் கொக்கி நாணுக்குப் பதில் இந்த வளையத்தைக் கவ்வும். நாணின் மேல் சுற்றிய நூல் தேயாது. அம்பின் அடிக்கு நேர் பின்னாலிருந்து இழுவை கிடைக்கும்.

உலோக வளையமும் உண்டு. எளிதில் தேயாதுதான், ஆனால் நாணில் எடை ஏறினால் அம்பின் வேகம் சற்றே குறையும். கயிறே மேல்: சுமார் 2 மி.மீ. தடிமனில், நாலரை அங்குலம். இரு நுனிகளையும் லைட்டரால் உருக்கிக் குமிழாக்கி, முடிச்சுகளை எதிரெதிர்ப் பக்கம் வைத்து, குறடால் இறுக்க வேண்டும். குமிழ் சிறுத்தால் முடிச்சு நழுவும்.

இழுக்கும்போது கயிறு அறுந்தால் முஷ்டி நேரே வாய்க்கு வரலாம் (பல் வைத்தியச் செலவு தனி). அம்பு எங்கே போகும் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

கொக்கி படும் இடத்தில் பிசிறு தெரிந்ததுமே, விவரமானவர்கள் நாணில் கத்தி படாமல் பழையதை வெட்டி எறிந்துவிடுவார்கள். புதியதன் நீளம் மாறினால் இழுக்கும் தூரமும் மாறும். அதனால் காட்டுக்குப் போகுமுன் சில அம்புகளை எய்து பார்த்துக்கொள்வார்கள்.