ஏகலிங்கரின் ஊழியர்கள் ஆண்ட உதய்ப்பூர்

ராஜஸ்தானத்தின் தென்பகுதியில், ஆரவல்லி மலைகளின் நடுவே, பிச்சோலா ஏரிக்கரையில் எழில் சூழ அமைந்துள்ளது உதய்ப்பூர். மேவார் நாட்டின் தலைநகராக விளங்கிய இந்நகரை 1559-ஆம் ஆண்டில் நிறுவியவர் மகாராணா இரண்டாம் உதயசிங்.

அவர் பாலகராக இருந்தபோது, அரியணையைக் கவர்ந்த பன்வீர் அவரைக் கொல்ல வாளேந்தி வந்தான். செவிலித்தாய் பன்னா, இளவரசரைக் கூடையில் மறைத்து வெளியே அனுப்பிவிட்டு, அவருடைய படுக்கையில் தான் பெற்ற மகனைக் கிடத்தினாள். அவள் கண்ணெதிரிலேயே அச்சிறுவன் வெட்டுண்டான். அத்தியாகத்தால் உயிர்பிழைத்தவர் கண்ட நகரம் இது.

ஏரிக்கரை மேட்டில் தவமிருந்த முனிவரின் ஆசியுடன் அவர் அரண்மனைப் பணியைத் தொடங்கினார் என்பது ஐதிகம். பின்வந்தோர் தலைமுறைதோறும் மாடங்களையும் முற்றங்களையும் சேர்த்தனர். திரிபோலியா வாசலருகே எட்டுப் பளிங்குத் தோரணங்கள் நிற்கின்றன. மகாராணாக்கள் துலாபாரம் ஏறி, தம் எடைக்கு எடை பொன்னும் வெள்ளியும் தானமளித்ததை அவை நினைவூட்டுகின்றன. ஏரியின் நடுவே, 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜக் நிவாஸ் மாளிகை நீரில் மிதப்பதுபோல் தோன்றுகிறது.

இத்தனை செல்வம் இருந்தும் மகாராணாக்கள் தம்மை நாட்டின் அரசர் என்று கருதவில்லை. மேவாரின் மன்னர் ஏகலிங்கநாதரே. தாம் அவருடைய திவான் மட்டுமே என்பது அவர்கள் கொள்கை. மகாராணா ஆலயத்துக்கு வரும்போது, தாமே அர்ச்சகராக நின்று பூஜை செய்யும் உரிமையும் அவருக்கு உண்டு.

உதய்ப்பூரிலிருந்து சுமார் 22 கி.மீ. வடக்கே, கைலாசபுரியில் இத்திருக்கோயில் உள்ளது. கரிய பளிங்காலான நான்முக லிங்கமாக, பிரம்மா, விஷ்ணு, ருத்திரர், சூரியன் ஆகியோரின் திருமுகங்களுடன் இறைவன் அருள்பாலிக்கிறார்.

அரண்மனை வாசலுக்கு அருகில், 1651-இல் முதலாம் ஜகத்சிங் எழுப்பிய ஜகதீசர் ஆலயத்தில் திருமால் எழுந்தருளியுள்ளார். எதிரே பித்தளையாலான கருடாழ்வார் கைகூப்பியிருக்கிறார். சந்நிதியை அடைய 32 செங்குத்தான படிகள் ஏறவேண்டும். முழங்கால் வலியுள்ள முதியோர் துணையுடன் மெல்ல ஏறுவது நலம்.

இன்று அரண்மனையின் ஒரு பெரும்பகுதி அருங்காட்சியகம். ஜக் நிவாஸ் தங்கும் விடுதி. திவான்களின் ஆட்சி முடிந்துவிட்டது. மன்னராகிய ஏகலிங்கருக்கோ நித்திய பூஜை குறைவின்றி நடைபெறுகிறது. உதய்ப்பூர் செல்லும் அன்பர்கள், நடை திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டறிந்து, முதலில் அவரைத் தரிசித்துவிட்டு, அதன்பின் அவருடைய ஊழியர்கள் வாழ்ந்த மாளிகையைக் காணலாம்.