தாதுக்கொடியும் ஊற்றுக்கண்ணும்

“இன்னும் நான்கு முழம்; ஊற்று வந்துவிடும்” என்று சொல்லிச் சொல்லியே என் தந்தையார் கிணறு தோண்ட நன்செயை அடகு வைத்தார். ஆங்கிலக் கால்வாயிலுள்ள சார்க் என்னும் சிறு தீவின் வரலாற்றைப் படித்தபோது அவர் நினைவே எனக்கு வந்தது.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், அத்தீவின் பாறைப் பிளவுகளில் பூமியின் ஆழத்திலிருந்து வெந்நீர் ஏறியது. அது குளிரவே, அதில் கரைந்திருந்தவை படிகக்கல்லாகவும் வெள்ளி கலந்த ஈயத்தாதுவாகவும் படிந்தன. இதுவே தாதுக்கொடி. பிளவு விரிந்த இடத்தில் கொடி பருக்கும்; குறுகிய இடத்தில் நூலாய் மெலியும். அதன் போக்கு மேலே நிற்பவர்க்குத் தெரியாது.

1830களில் அங்கே சுரங்கம் வெட்டத் தொடங்கினர், கடலுக்கடியிலும் வெட்டினர். செலவு வளர்ந்தது. 1844இல் தீவின் பிரபு எர்னஸ்ட் லெ பெல்லி, தீவின் உரிமையையே அடகு வைத்தார். 1847இல் சுரங்கம் மூடப்பட்டது. பின்னர் அவர் மைந்தர் அவ்வுரிமையை விற்க நேர்ந்தது.

பேராசை என்று இகழ என் மனம் ஒப்பவில்லை. அங்கே வெள்ளி இருந்தது மெய். எங்கள் கிணற்றடியில் ஈரம் இருந்ததும் மெய். எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் மண் சொல்வதில்லை. இவ்வாண்டு வீட்டுக் கடனுக்கு மனு எழுதுமுன், என் எல்லையைத் தனித்தாளில் குறித்து மனைவியிடம் கொடுத்து வைத்தேன்.