சாப்பிட்டியாம்மா, எழுந்து உட்கார்ந்தியாம்மா?

செம்பூர் டயமண்ட் கார்டனில் நடக்கும் பெரிசுகளைப் பார்த்தால் எனக்கு அம்மா ஞாபகம்தான். 77 வயசு, கல்லிடைக்குறிச்சியில் தனியாக. சர்க்கரை, பிரஷரை விட எனக்குப் பெரிய பயம், விழுந்து இடுப்பெலும்பு முறிவதுதான்.

2020 ஊரடங்கில் பூங்காக்களைப் பூட்டியபோது வீடியோ வழி உடற்பயிற்சி நம்ம வீடுகளுக்குள் வந்தது. ஆனால் விஷயம் பழசு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990களிலேயே இப்படி ஒரு திட்டம் போட்டார்கள். சில தடவை வீட்டுக்கு வந்து சொல்லித்தருவார்கள். நடுவில் போனில் விசாரிப்பார்கள். வாரம் 3 நாள் கால் பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி, 2 நாள் நடை. அதிலேயே விழுவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

நாங்களும் அதே வழிதான். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நேரில் பார்த்துப் பயிற்சிகளைத் தேர்ந்து கொடுத்தார். தினம் சாயங்காலம் 7 மணிக்கு நான் வீடியோவில் எண்ணுவேன். சுவரை ஒட்டி நாற்காலி. பாதம் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் போன். பக்கத்து வீட்டு அக்கா வந்தால்தான் ஆரம்பம். மும்பையிலிருந்து கை நீட்டிப் பிடிக்க முடியாதே!

கை ஊன்றாமல் 30 நொடியில் எத்தனை தடவை எழுந்து உட்காரலாம்? 75-79 வயதுப் பெண்கள் 10க்குக் கீழே போனால் விழும் அபாயம் அதிகம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணை. அம்மா 6ல் ஆரம்பித்தாள். நாலு மாசத்தில் 9.

ரெக்கரிங் டெபாசிட் மாதிரிதான் மக்களே. தவணை சின்னது, விடாமல் கட்டணும். இன்னிக்கு ஊருக்குப் போன் பண்ணும்போது, "சாப்பிட்டியா" கேட்ட கையோடு இதையும் கேளுங்க: "கை ஊணாம எழுந்திருக்க முடியுதாம்மா?"