லகூனும் களப்பும்

பிறமொழிச் சொல்லொன்றின் பிறப்பை ஆராயப் புகுந்தால், அது நம் சொல்லின் அருமையையும் உடன் உணர்த்துவதுண்டு. ‘லகூன்’ என்னும் ஆங்கிலச் சொல் எனக்கு அந்நன்மையைச் செய்தது.

மணற்றிட்டினாலோ முருகைக்கற்பாரினாலோ கடலினின்று பிரிக்கப்பட்ட, ஆழங்குறைந்த நீர்ப்பரப்பு என்பது இதன் பொருள். இலத்தீனில் குழியையும் குட்டையையும் குறித்த ‘லக்கூனா’ என்னும் சொல்லே இதன் தாய். அஃது இத்தாலியில் ‘லகூனா’ ஆகி, வெனிஸ் நகரைச் சூழ்ந்த நீர்ப்பரப்புக்குப் பெயராயிற்று. அங்கிருந்து 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தது.

தாய்ச்சொல்லும் தனியே ஆங்கிலத்திற் புகுந்து, ஏட்டில் எழுத்துச் சிதைந்த வெற்றிடத்தைக் குறிக்கலாயிற்று. புறநானூற்றில் 267, 268ஆம் செய்யுட்கள் கிடையாமற் போன இடம் அத்தகையதே. ஒரு குழி நீரால் நிறைந்தது. மற்றது வெறிதே கிடக்கின்றது.

இனித் தமிழுக்கு வருவோம். கேரளத்தார் காயல் என்பர். தமிழ்நாட்டார் பழவேற்காட்டு நீர்ப்பரப்பை ஏரி என்பர். யாழ்ப்பாணத்தில் அது கடனீரேரி, புத்தளத்திற் களப்பு. நாமோ அக்களப்பை ஊர்ப்பெயரிலேயே வைத்திருக்கின்றோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் நம் வாவியில், மாரியில் முகத்துவாரம் திறந்து வெள்ளம் கடலுட் பாய்கின்றது. கோடையில் மணல் திரண்டு வாயை அடைக்கின்றது. அகராதி கூறும் இலக்கணம் நமக்குக் கண்கூடு.

ஒருமுறை மொழிபெயர்ப்புப் பயிற்சியில், வாவிக்கரையிற் பிறந்த மாணவனொருவன் லகூனுக்குக் ‘காயல்’ என்று எழுதினான். களப்பென எழுதலாகாதோ என வினவினேன். “அது நம்மூர்ப் பேச்சு, ஐயா, பரீட்சைக்கு ஆகாதென்று விட்டேன்” என்றான். காயல் பிழையன்று, ஆயினும் அவ்வச்சம் என் நெஞ்சை உறுத்திற்று. வெனிஸ் மக்கள் தம் வீட்டு வாயில் நீருக்கு வழங்கிய பெயரே இன்று உலகெங்கும் வழங்குவதை அவனுக்கு எடுத்துரைத்தேன். அவர்கள் அதனைச் சொல்ல நாணியிருந்தால், ஆங்கிலத்துக்கு அச்சொல் ஏது?

தன் ஊர்ச் சொல்லைப் பிறர் நகைப்பரென்று ஒருவன் கைவிடுந்தோறும் மொழியேட்டில் ஒரு வெற்றிடம் விழுகின்றது. அதற்குச் செல்லின்மேற் பழிபோட இயலாது. மாணவர்காள், ஆங்கிலத்தை ஐயந்திரிபறப் பயிலுங்கள்; அதன் சொற்களின் வேரையும் தேடுங்கள். விடைத்தாளில் மாத்திரம் களப்பு என்றே எழுதுங்கள். திருத்துவோர் பொருளறியாராயின், அவர்க்கு அதனைக் கற்பித்த பெருமையும் உங்களைச் சாரும்.