சாலைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா

தங்கை குடும்பம் கும்பகோணத்திலிருந்து சென்னைக்குக் குடிவருகிறது. மாப்பிள்ளைக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. ஆறாவது சேர வேண்டிய பெண், ஒன்றாவது சேர வேண்டிய பையன், முழங்கால் வலியோடு மாமியார். ‘நல்ல ஏரியாவாப் பார்த்துச் சொல்லு’ என்று என்னிடம் விட்டிருக்கிறார்கள். அதற்காக எழுதி வைப்பவை இவை.

*

வாடகை விளம்பரங்களில் தூரம் நிமிடக் கணக்கில்தான் வருகிறது. ‘ஸ்டேஷன் 5 நிமிடம், ஸ்கூல் 10 நிமிடம்.’ பைக்கில் போகிறவரின் நிமிடம் அது. மாமியாருக்கும் பையனுக்கும் வேறு கணக்கு வேண்டும். வீட்டிலிருந்து பால் பூத்துக்கு, பள்ளிக்கு, மருந்துக்கடைக்கு, கோயிலுக்குப் போக எத்தனை பெரிய சாலைகளைக் கடக்க வேண்டும்? முக்கால் கிலோமீட்டர் உள்தெருவில் நடப்பது எளிது. ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து இருநூறு அடி போவது அப்படியில்லை. தென்சென்னைப் புறநகர்களில் சாலையும் ரயில் பாதையும் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஆகவே எந்த ஏரியா என்று கேட்பதோடு, எந்தப் பக்கம் என்றும் கேட்க வேண்டும். வீடு, பள்ளி, கடைத்தெரு மூன்றும் ஒரே பக்கம் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

*

ஒரு பகுதி எந்த வண்டியை நம்பி வளர்ந்தது என்று பார்த்தால் போதும், அங்கே நடக்க முடியுமா என்று தெரிந்துவிடும்.

கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை எல்லாம் அந்த ரயிலோடு பெருத்த இடங்கள். சாயங்காலம் வண்டியை விட்டு இறங்கியவர்கள் நடந்துதான் வீட்டுக்குப் போனார்கள். அந்த நடைவழியில்தான் காய்கறிக் கடை, டிபன் கடை, பூக்காரம்மா, டைலர் எல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். இன்றும் அந்த நிலையங்களை ஒட்டிய தெருக்களில் வெறுங்கையோடு இறங்கிப் பையோடு வீடு சேரலாம்.

பைக் காலத்தில் வளர்ந்த இடங்கள் வேறு மாதிரி. மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் வயல்கள் ஒவ்வொன்றாக மனைகளாயின. ஒவ்வொரு லேஅவுட்டும் தனக்கு மட்டும் தெரு போட்டுக்கொண்டது. பக்கத்து லேஅவுட்டில் தெரிகிற வீட்டுக்குப் போகக்கூடப் பல இடங்களில் மெயின் ரோடு வரை வந்து சுற்ற வேண்டும். வண்டிக்கு அது ஒன்றுமில்லை. காலுக்குத் தெரியும்.

மூன்றாவது, கார் காலம். ஓ.எம்.ஆரில் ஆறு வழிச்சாலை வந்தது 2008இல். சோழிங்கநல்லூர், நாவலூர் பக்கம் பெரிய அடுக்குமாடி வளாகங்கள். உள்ளே சைக்கிள் ஓட்ட இடம், பூங்கா, நீச்சல் குளம், காவலாளி. கேட்டைத் தாண்டினால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கக்கூட வண்டி எடுக்க வேண்டியிருக்கும். மாப்பிள்ளை அந்த வளாகங்களைத்தான் விரும்பினார், பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு என்று. அவர் கவலை நியாயமானது. ஆனால் பன்னிரண்டு வயதில் ஒரு பெண் தனியாகக் கடைக்குப் போய் மீதிச் சில்லறை எண்ணி வாங்கி வரப் பழக வேண்டும். கேட்டுக்குள் அதற்கு வாய்ப்புக் குறைவு.

*

தண்ணீர் லாரி. இதைப் பலர் குழாயில் தண்ணீர் வருகிறதா என்ற கேள்வியாக மட்டும் பார்க்கிறார்கள். நான் தெருவைப் பற்றிய கேள்வியாகப் பார்க்கிறேன். லாரித் தண்ணீரை நம்பிய தெருவில் பிள்ளைகள் நடக்கிற அதே குறுகிய இடத்தில் நாள் முழுவதும் கனரக வண்டி பின்னோக்கி வரும். கழிவுநீர் லாரியும் அப்படித்தான். எனவே கேட்க வேண்டியவை: குடிநீர் வாரிய இணைப்பு உண்டா? பாதாளச் சாக்கடை உண்டா, அல்லது இனிமேல்தான் தோண்டப் போகிறார்களா? தோண்டத் தொடங்கினால் தெரு எப்போது பழைய நிலைக்கு வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இந்த விஷயத்தில் ஆலந்தூரைச் சொல்லியாக வேண்டும். 1990களின் பிற்பகுதியில், அது தனி நகராட்சியாக இருந்தபோது, பாதாளச் சாக்கடைக்காக மக்களே வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கட்டினார்கள். கட்டிய பணத்துக்குத் திட்டமும் நிறைவேறியது. நங்கநல்லூரும் ஆதம்பாக்கமும் அந்த நகராட்சியில் இருந்தவை. 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது ஆலந்தூரும் அதில் சேர்ந்தது. அக்கம்பக்கத்துப் பகுதிகள் பல, மாநகராட்சியான பிறகும் ஆண்டுக்கணக்கில் சாக்கடைக்குக் காத்திருந்தன.

*

நடைபாதை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி நடக்கும் இடம் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும். உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. புறநகரில் நடைபாதை என்று நாம் நடப்பது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மேல்மூடி. ஓரிடத்தில் முழங்கால் உயரம் ஏறும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கும், நடுவில் மின்வாரியப் பெட்டி நிற்கும். முழங்கால் வலிக்காரர் பத்தடி ஏறி இறங்கிய பிறகு சாலையிலேயே நடக்கத் தொடங்கிவிடுவார். குற்றம் அவருடையது இல்லை.

2014இல் சென்னை மாநகராட்சி நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துச் செலவில் 60 சதவீதம் அவர்களுக்கு என்று அதில் எழுதியிருந்தது. 2019இல் பாண்டி பஜாரின் அகல நடைபாதை திறக்கப்பட்டது. முதியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதையும், குழந்தைகள் கையை விடுவித்துக்கொண்டு ஓடுவதையும் அங்கே பார்த்திருக்கிறேன். கடைத்தெருவுக்குச் செய்ததைப் பள்ளிக்கூடத் தெருக்களுக்கும் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. வார்டு கூட்டங்களில் நாம் விடாமல் கேட்க வேண்டிய ஒன்று.

*

வீட்டு வசதி வாரியம் போட்ட பகுதிகள்: அண்ணா நகர், கே.கே. நகர், அசோக் நகர், பெசன்ட் நகர். தெருக்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன, மரங்கள் முற்றிவிட்டன, பூங்காவுக்கும் பள்ளிக்கும் கடைக்கும் முதலிலேயே இடம் ஒதுக்கப்பட்டது. நடக்க இவற்றைவிடச் சிறந்தவை சென்னையில் குறைவு. வாடகை தங்கைக்குக் கட்டுப்படியாகாது. சம்பளக்காரர்களுக்கென்று போட்ட நகர்களில் இன்று சம்பளக்காரர் குடியேற முடியாமல் போனது வருத்தமாக இருக்கிறது.

*

தேர்ந்தெடுக்கவே வாய்ப்பில்லாதவர்களையும் நினைத்துக்கொள்கிறேன். ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேற்பட்ட வீடுகள். முன்பு நடந்து போய் வீட்டுவேலை செய்த பெண்கள் பலருக்கு அந்த வேலையே பல கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று 2021இல் அறிவித்தபோது அதன் முழு அருமையும் அவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். நடக்கிற தூரத்தில் வேலையும் பள்ளியும் இருப்பதை வசதி என்கிறோம். இல்லாதவர்களுக்கு அது கூலியில் பிடித்தம்.

*

பள்ளி. மாப்பிள்ளை ஒரு பேர்பெற்ற பள்ளியைச் சொன்னார். காலை ஏழு மணிக்கு முன்பே வேன் வந்துவிடும். ஆறு வயதுப் பையனைத் தூக்கத்தில் எழுப்பி, வேனில் ஒரு மணி நேரம் குலுக்கி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, அவரிடம் சொல்லியும்விட்டேன். கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளே ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. முதலில் பள்ளி, பிறகு அதைச் சுற்றி வீடு. அந்தப் பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் போய் நிற்க வேண்டும். எத்தனை பிள்ளைகள் நடந்து வெளியே வருகிறார்கள் என்று பார்த்தால், அந்தத் தெருவைப் பெற்றோர் நம்புகிறார்களா என்று தெரியும்.

*

பூங்கா: லேஅவுட் வரைபடத்தில் ஓ.எஸ்.ஆர். இடம், அதாவது பொதுவுக்கு ஒதுக்கிய திறந்தவெளி, என்று காட்டுவார்கள். நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பூட்டியிருக்கும் பூங்காவால் பயனில்லை. மாலை ஆறு மணிக்குத் திறந்திருக்கிறதா, விளக்கு எரிகிறதா?

தெருநாய்கள்: விடியற்காலையிலும் இரவு ஒன்பதுக்கு மேலும் பார்க்க வேண்டும்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி இருந்தால் நல்லது. பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதைப் பார்க்க ஓர் ஆள் இருக்கிறார்.

*

மழை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்பதைவிட மளிகைக் கடை அண்ணாச்சியிடம் கேட்பது மேல். மதில் சுவரில் கறை இருக்கும். சாலையை மேலே மேலே போட்டதில் பழைய வீடுகளின் வாசல் பள்ளத்துக்குப் போயிருக்கும். வேளச்சேரி, முடிச்சூர் என்று பேர் சொன்னாலே எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரே பகுதியில் ஒரு தெரு காய்ந்தும் அடுத்த தெரு முழுகியும் கிடக்கும். ஆகவே தெருவாரியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

*

எல்லாம் கூட்டிப் பார்த்தால் நங்கநல்லூர்தான் முன்னே நிற்கிறது. பழவந்தாங்கல் நிலையம், அங்கிருந்து பரங்கிமலை, அடுத்தது கிண்டி. கோயில்கள் நடக்கிற தூரம், ஆஞ்சநேயர் உட்பட. கும்பகோணத்தில் பெரிய கடைத் தெருவுக்கு நடந்தே போய் வந்த மாமியாருக்கு இங்கே பொழுது போகும். குறைகளும் உண்டு. உள்தெருக்களில் நடைபாதை கிடையாது, இருபுறமும் கார்கள். பழைய வீடுகளை இடித்து ஃப்ளாட் கட்டுவதால் செங்கல் லாரிகள். விமானச் சத்தம். பெருமழையில் பழவந்தாங்கல் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். நங்கநல்லூர் ரோடு என்ற மெட்ரோ நிலையம் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது, ஊருக்கும் அதற்கும் நடுவே ரயில் பாதை. மெட்ரோ பக்கத்திலேயே என்று புரோக்கர் சொன்னால் நடந்து காட்டச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்கு மின்சார ரயிலே போதும்.

*

தங்கைக்கு: லிஃப்ட் இல்லாவிட்டால் தரைத்தளம் அல்லது முதல் மாடி மட்டும் பார். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அத்தையைக் கூட்டிக்கொண்டு வா. வீட்டை நீயும் மாப்பிள்ளையும் பாருங்கள். அத்தையும் பெண்ணும் பள்ளி வரை நடந்து போய்த் திரும்பட்டும். அவர்கள் சரி என்றால் பணம் கட்டு.