உருட்டலாமா, தூக்கலாமா?

எனக்குப் பொட்டிபுரம். "நியூட்ரினோ ஊரா?" என்று உடனே கேட்பீர்கள். அதேதான். அந்தக் கதை இன்னொரு நாள். இன்றைக்குக் கோல்ஃப். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எங்கள் பக்கம் விடிந்ததும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டு ஏறும். அம்மா அதில் போகிறவர். மாமா மட்டும் அதையும் தாண்டி மூணாறு பக்கம் ஒரு ஒன்பது குழி கோல்ஃப் மைதானத்தில் பை தூக்குகிறார். அந்த வேலைக்குப் பெயர் கேடி. "உங்க மாமா என்ன பண்றார்?" என்று கேட்டவர்களிடம் "கேடி" என்று சொல்லி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் :-)

போன வருட விடுமுறையில் பரீட்சைக் கட்டணத்துக்குப் பணம் சேர்க்க நானும் போனேன். "என் மருமகன், நான் பொறுப்பு" என்று சொல்லித்தான் மாமா என்னைச் சேர்த்துவிட்டார்.

முதல் நாள் எனக்கு வாய்த்தவர் வயதான ஒரு சார். மாமா அவருடைய நண்பருக்குப் பை தூக்கினார். மூன்றாவது குழியில் பந்து கிரீனுக்கு இரண்டு அடி வெளியே கிடந்தது. (அடி என்றால் நடக்கும் காலடி.) இடையில் பள்ளமில்லை, மணல்குழியில்லை. "தம்பி, எதைக் கொடுக்கிறே?" என்றார். டிவியில் பெரிய ஆட்டக்காரர்கள் பந்தை வானத்தில் தூக்கி இறக்குவதைப் பார்த்தவன் நான். இருப்பதிலேயே அதிகம் சாய்ந்த 60 டிகிரி வெட்ஜை உருவிக் கொடுத்தேன். மட்டையின் விளிம்பு பந்தின் நடுவில் பட்டது. பந்து கிரீனைத் தாண்டிப் புதருக்குள் போய்விட்டது. சார் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு மாமாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

நடக்கும்போது மாமா பக்கத்தில் வந்தார். "மாப்ள, கோலி விளையாடியிருக்கேல்ல? வழி சும்மா கிடந்தா உருட்டுவியா, தூக்கிப் போடுவியா?"

"உருட்டுவேன் மாமா."

"அம்புட்டுத்தான். குறுக்க ஏதாவது இருந்தாத்தான் தூக்கணும்."

அப்புறம் கணக்கைச் சொன்னார். கிரீனுக்குள் ஒரு அடி தள்ளிப் பந்து விழ வேண்டும். அதுவரை பறப்பது ஒரு பங்கு என்றால், மீதி உருள்வது பிட்சிங் வெட்ஜில் சுமார் இரண்டு பங்கு, 9ஆம் நம்பர் அயர்னில் மூன்று, 8இல் நான்கு, 7இல் ஐந்து. ஏற்றமாகவோ ஈரமாகவோ இருந்தால் சாய்வு குறைந்த மட்டை. இறக்கமென்றால் சாய்வு கூடியது. நான் கெடுத்த அடியில் பறக்க வேண்டியது மூன்று அடி, உருள வேண்டியது பன்னிரண்டு. ஒன்றுக்கு நான்கு. 8ஆம் நம்பர்!

பையில் 14 மட்டைக்கு மேல் வைக்கக்கூடாது என்பது விதி. அதில் எதை எப்போது எடுப்பது என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. சாண்ட் வெட்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். ஜீன் சாரசன் அடிப்பாகத்தைத் தடிமனாக்கி, மணலில் புதையாமல் வழுக்கிப் போகும்படி செய்து, 1932இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். அது மணலுக்குப் பிறந்த மட்டை. எல்லா இடத்துக்கும் அதுவே மருந்தாகாது.

நம் நாட்டில் இந்தக் குட்டி அடிகளில் பேர் வாங்கியவர் எஸ்.எஸ்.பி. சௌரேசியா. ராயல் கல்கத்தா மைதானத்தில் புல்லைப் பராமரித்தவரின் மகன். 2016, 2017 இரண்டு வருடமும் இந்தியன் ஓப்பன் அவருக்குத்தான். தூரம் அடிப்பவர் அல்ல. கிரீன் பக்கம் வந்துவிட்டால்தான் அவர் ராஜா.

எங்கள் கதைக்கு வருவோம். ஒன்பதாவது குழியில் மறுபடி அதே சோதனை. நடந்து அளந்தேன். பறக்க நான்கு அடி, உருளப் பன்னிரண்டு. ஒன்றுக்கு மூன்று, அப்படியானால் 9. ஆனால் லேசான ஏற்றம். புல்லைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். 8ஐக் கொடுத்தேன். சார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடித்தார். பந்து தவழ்ந்து போய்க் குழிக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"நாளைக்கும் வந்துரு தம்பி" என்றார்.

பரீட்சைக் கட்டணம் கட்டிவிட்டேன். ஒன்று மட்டும் சொல்லட்டுமா? அன்று சாயங்காலம் ஜீப்பில் இறங்கும்போது மாமா என் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அதுதான் பெரிய கூலி.